பெரியாயி பார்த்த படம்

பெரியாயி லேசில் யாரையும் நம்பமாட்டாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள் நிற்கும்வரை கூடையை விட்டு நகரமாட்டாள். தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக்காரி நான். ஒரு கை உப்பு கேட்டால்கூட எதற்கு என்று கேட்டுத்தான் கொடுப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் பதுளைத் திருவிழாவுக்குப் போனோம். அங்கே கூடாரத்தில் ஊமைப்படம் காட்டினார்கள். ஒரு திருடன் வைத்தியனிடம் போய் முகத்தை மாற்றிக்கொண்டு, வெளியூரில் செத்துப்போன ஒருவனின் வீட்டில் புருஷனாக நுழைகிறான். வீட்டுச் சங்கதிகளையெல்லாம் முன்பே விசாரித்து வைத்திருக்கிறான். பக்கத்தில் நின்று கதை சொன்னவர், "பாருங்க, பொஞ்சாதியே ஏமாந்துட்டா!" என்று கத்தினார்.

அடுத்த மாதமே அவள் புருஷன் வீரய்யா வந்து நின்றான். இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போய் நாலு வருஷமாகத் தகவலே இல்லாதவன். அம்மை முகத்தைத் தின்றிருந்தது. குரலும் கம்மிவிட்டது.

"நாந்தான் புள்ள."

"கல்யாணத்தன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லு பாப்போம்."

"மழையில பந்தல் சரிஞ்சு எங்கப்பன் தலையில விழுந்துச்சு."

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. "யார்கிட்டயோ கேட்டுட்டு வந்திருக்கான்" என்று என் காதில் சொன்னாள். அவன் சரியாகச் சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தேகம் முற்றியது. பாழாய்ப்போன படம்! நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "படத்துல வந்தவனும் இப்பிடித்தான் சொன்னான்" என்றேன்.

கங்காணி அவனைத் தன் வீட்டில் தங்கவைத்து, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட அனுப்பினார். எட்டு நாள் வெட்டினான். பெரியாயி ஒருவேளைச் சோறுகூடப் போடவில்லை. ஒன்பதாம் நாள் காலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு அப்புத்தளை ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டான்.

அன்று அவன் கவ்வாத்து வெட்டிய மலைச்சரிவு வழியாக வேலைக்குப் போனோம். மற்றவர்கள் வெட்டிய கிளைகள் தரையில் கிடந்தன. அவன் நிரையில் மட்டும் ஒவ்வொரு மொட்டைச் செடியின் மேலும் அதன் கிளைகளையே பரப்பி வைத்திருந்தான், வெயில் சுடாமல் இருக்க. யாரும் சொல்லாமலே அப்படிச் செய்கிறவன் எங்கள் தோட்டத்தில் வீரய்யா ஒருவன்தான். நேரத்தை வீணாக்குகிறான் என்று துரையிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியவன். பெரியாயி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது அவன் ரயிலில் ஏறப்போனான். ஒருநாளும் புருஷன் பேரை வாயால் சொல்லாதவள், "வீரய்யா!" என்று ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

அவன் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"எம் பொஞ்சாதி எம் பேரச் சொல்லிக் கூப்பிடமாட்டா. நீங்க யாரும்மா?"