செம்புக்குள் அடங்கிய வெள்ளம்

கோட்டாறு வாசகசாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கதைப்போட்டி வைத்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற நானும் புதுக்கடையிலிருந்து போய் எழுதிக் கொடுத்தேன். தீர்ப்புச் சொல்ல வந்தவர் திருநெல்வேலித் தமிழ் வாத்தியார். ஒல்லி உடம்பு, பெரிய மீசை. பிழையைக் கண்டால் ஒரு சிட்டிகை பொடி போட்டுத் தும்மிவிட்டுத்தான் சிவப்புப் பென்சிலை எடுப்பார்.

என் கதையைப் படித்துத் தும்மினார்.

“ஒரு செம்பு வெள்ளம் குடிச்சான்னு எழுதியிருக்கீரு. ஊரையே கொண்டுட்டுப் போற வெள்ளம் செம்புக்குள்ள எப்படிவே அடங்கும்?”

“கிணத்துல கோரினா அடங்கும் ஐயா. நாங்க தண்ணியை வெள்ளம்னுதான் சொல்லுவோம்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். பரிசு போச்சு என்று நினைத்தேன்.

பரிசு அறிவிக்க எழுந்ததும் அவருக்கு ஒரே இருமல். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“வே, கொஞ்சம் வெள்ளம்!”

கொடுத்தேன். செம்பைக் காலி செய்துவிட்டு முதல் பேராக என் பேரைப் படித்தார்.

அந்த இருமல் நிசந்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.