அரை அங்குலம் இறுக்கித் தைத்த சட்டைக் கை

ஆறு வருடமாக என் தோலுக்குள் எனக்கு இடமில்லாமல் இருந்தது.

விடியும்போது முழங்கையில் ஒரு தடிப்பு. பல் தீட்டி முடிப்பதற்குள் கழுத்தில் நாலு. சிவந்து, வீங்கி, அரித்து, மத்தியானம் தடமில்லாமல் மறைந்து, பொழுதுபட வேறோரிடத்தில் எழும்பும். கரப்பன் சாப்பாடு, அரிப்பைக் கூட்டும் என்று இறாலை விட்டேன், நண்டை விட்டேன், கத்தரிக்காயை விட்டேன், வாவிக்கரையில் இருந்துகொண்டு. தயிர் குளிர் என்று அதையும் விட்டேன். கடைசியில் வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் மிஞ்சின.

பெரியகல்லாற்றில் சாரிச் சட்டை தைக்கிறவள் நான். மற்றப் பெண்களின் கைகளை அளப்பது என் பிழைப்பு. நாடாவைச் சுற்றும்போதெல்லாம் அந்தத் தோலைப் பார்ப்பேன். வழுவழுவென்று, ஒரு புள்ளியில்லாமல். இவள் என்ன ஜெபித்தாள்? நான் என்ன குறைத்தேன்?

இரத்தத்தில் கிருமி என்று நானே முடிவுகட்டி, டொக்டரின் மருந்துத் துண்டில்லாமல் கிருமி கொல்லும் கப்சியூல் வாங்கி விழுங்கினேன். தடிப்பு மிஞ்சினால் மூன்று நாள். அடங்கினால் நிறுத்திவிடுவேன். மீதி, நூல்கட்டை போடுகிற பிஸ்கட் டின்னின் அடியில். சுகம் கேட்டு உபவாசம் இருக்கிறவள் ஒளித்து மருந்து விழுங்குகிறாள் என்று சபையில் ஒருவரும் சொல்லக்கூடாதே.

என் கணவரின் தங்கை சுகந்தி, எனக்கு மச்சாள். போன வருடம் தை மாதம் அவளுக்கும் இதே தடிப்பு வந்தது. பங்குனியில் சபை நடுவே எழும்பி நின்று, "கேட்டன், தந்தார்" என்று இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினாள். உரித்த பனங்கிழங்கு போலக் கைகள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லும்போதே உள்ளங்கை அரித்தது.

ஆறு வருடம் வரிசையில் நிற்கிறவளைத் தாண்டி நேற்று வந்தவளுக்குக் கொடுப்பதா? ஆண்டவரிடமே வழக்கு வைத்தேன்.

நன்றி ஆராதனைக்கு உடுக்க நீலத் துணி ஒன்றை அவள் தைக்கத் தந்தாள். அளவைச் சரியாகத்தான் எழுதினேன். தைக்கும்போது சட்டைக் கையின் தையலை அரை அங்குலம் உள்ளே தள்ளினேன். தெரிந்துதான் செய்தேன். அவள் அதை உடுத்திப் பாட்டுப் பாடினாள். கழற்றியபோது அவள் கையைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு கோடு. அதைப் பார்த்து என் மனம் குளிர்ந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் சாட்சியில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை. கணவர் தோணியில் வாவிக்குப் போய்விட்டார். முதலில் உதடு வீங்கியது. பிறகு நாக்கு. தொண்டைக்குள் யாரோ துணி திணிப்பதுபோல் மூச்சு சுருங்கியது. கூப்பிடக் குரல் வரவில்லை. தையல் மெசினைப் பிடித்தபடி, அதுவரை கேட்காத ஒன்றை மனசுக்குள் கேட்டேன். ஆண்டவரே, சுகம் தராவிட்டாலும் பரவாயில்லை, அவளைப் பார்த்து எரிகிற இந்த எரிச்சலை எடும். அதோடு சாக விடாதேயும்.

கேற் திறந்தது. சுகந்தி. கையில் அந்த நீலச் சட்டை. கை இறுக்கமென்று பிரித்துத் தரச்சொல்லிக் கொண்டுவந்திருந்தாள்.

என் முகத்தைக் கண்டதும் சட்டையைப் போட்டுவிட்டு ஓட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மூச்சு திரும்பியது. டொக்டர் ஒரு பெண்பிள்ளை. என்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

"டின்னுக்குள்ள இருக்கிறதச் சொல்லுங்க மச்சாள்" என்றாள் சுகந்தி. "நூல் எடுக்கக்குள்ள கண்டனான்."

டொக்டரிடம் கப்சியூலைச் சொன்னேன். அவள் குரலைத் தணித்தாள்.

"நானும் இந்த டொக்டரிட்டத்தான் வந்தன் கா. சாட்சியில பாதியத்தான் சொன்னன். மருந்தச் சொன்னா ஆண்டவர்ர பங்கு குறைஞ்சிரும் எண்டு பயந்திட்டன்."

அவள் ஒளித்தது டொக்டரை. நான் ஒளித்தது கப்சியூலை. ஒரே சபையில், ஒரே வாங்கில் உட்கார்ந்துகொண்டு.

டொக்டர் சிரிக்காமல் சொன்னார்: "அக்கா, உங்கட குடலுக்குள்ள ஒரு ஊரே இருக்கு, நல்ல கிருமியள்ற ஊர். நீங்க குண்டு போட்டுப் போட்டு அந்தச் சனத்த ஊரவிட்டே எழுப்பிட்டீங்க. மறுகா உடம்புக்குக் காவல் நிக்கிறவன் மிரண்டு கண்டதுக்கெல்லாம் அடிக்கான். அந்த அடி தோலில தெரியுது."

இதுதான் காரணமென்று அடித்துச் சொல்ல முடியாதாம். குடல் கிருமிகளுக்கும் நாட்பட்ட தடிப்புக்கும் உள்ள தொடர்பை இன்னும் ஆராய்கிறார்களாம். தடிப்புக்கு எழுதித் தந்த குளிசையை நாள் தவறாமல் எடுக்கவும், துண்டில்லாமல் கப்சியூலைத் தொடாதிருக்கவும், விட்ட சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூப்பிடவும் சொன்னார். போன சனம் திரும்பிக் குடியேறக் காலமெடுக்கும் என்றார். இடம்பெயர்ந்து திரும்பி வந்தவள் நான். எனக்கு விளங்கியது.

முதலில் கீரையும் பயறும் வந்தன. பிறகு எருமைத் தயிர். ஆவணியில் கத்தரிக்காய். கார்த்திகை மழையில் இறால் குழம்பு வைத்து, பயந்து பயந்து ஒரு வாய் தின்றேன். விடிந்தது. கை வெறுமையாய்க் கிடந்தது. பாயிலிருந்தே அழுதேன். மச்சாளுக்கு இரண்டு மாதத்தில் தந்ததை எனக்கு ஆறு மாதம் கழித்துத் தந்தார். அதற்கும் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

அன்றே, ஆறு மாதமாக என் வீட்டில் கிடந்த நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் அரை அங்குலத்தைச் சொன்னேன்.

"தெரியும் கா" என்றாள். "இத்தன வருசமா நீங்கதான் தைக்கிற. ஒருநாளும் அளவு பிழைச்சதில்ல."

"தெரிஞ்சும் ஏன் எனக்கிட்டக் கொண்டு வந்த?"

"இறுக்கின ஆள்தானே பிரிக்கவும் வேணும்."

அவள் முன்னால் இருந்தே பிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவளை என் வாசலுக்குக் கொண்டுவந்தது எது என்று யோசிக்கிறேன். என் பாவத்தின் இறுக்கம். அதையே பிடித்து இழுத்து அவர் எனக்கு உதவி அனுப்பினார். சுகமில்லாமல் இருக்கிற சகோதரிகளே, அவரிடம் போங்கள், டொக்டரிடமும் போங்கள், ஒளித்த டின்னையும் கையோடு கொண்டு போங்கள். பாதியைக் கொடுத்துவிட்டு முழுவதையும் கேட்காதீர்கள்.

பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் இன்னும் தெரிகின்றன. ஞாயிறுகளில் அவள் அதைத்தான் உடுத்துகிறாள். அதே வாங்கில் பக்கத்திலிருந்து அந்தக் கையைப் பார்க்கிறேன். சில நாள் இன்னும் எரிகிறது. எடும் என்கிறேன். எடுக்கிறார்.