கடைசி நாலு பாட்டு

ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து கூடும். அந்த வருடம் வந்த சினிமாப் பாட்டுகளில் எந்தப் பன்னிரண்டு உசத்தி என்பதுதான் வழக்கு. அண்ணன் நாட்டாமை. அம்மாவும் நானும் வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லாம். தீர்ப்பான பன்னிரண்டையும் எழுதி, பெருங்களத்தூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பாட்டுப் பதியும் கடையில் கொடுப்போம். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறாகப் பதிந்து தருவார்கள். அது ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, போகும். விடுமுறைக்கு வந்து திரும்புகிறவர் யாராவது கையோடு கொண்டுபோவார்.

அங்கே தமிழ்ப் பாட்டு கிடைக்காமல் இல்லை. அத்தா தங்கியிருந்த தெருவிலேயே இரண்டு கடை இருந்ததாம். ஆனாலும் நாங்கள் எடுத்த பாட்டுதான் வேண்டும் என்று முதல் வருடமே போனில் சொல்லிவிட்டார். அதனால் சட்டதிட்டங்கள் எல்லாம் வகுத்தோம். ஆளுக்கு நாலு பாட்டு. எல்லாம் அந்த வருடத்துப் பாட்டாகவே இருக்க வேண்டும். முதலில் அண்ணனுடையது, பிறகு என்னுடையது, கடைசி நாலும் அம்மாவுடையது. கேசட் அட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கு நேராகவும் அதை எடுத்தவர் யார் என்று எழுத வேண்டும்.

அத்தா அந்த அட்டையைச் சும்மா படிப்பவர் அல்ல. ஒரு வருடம் அண்ணன் தன் நாலில் மூன்றைக் காதலில் தோற்றவன் பாடுகிற பாட்டாக எடுத்துவிட்டான். கேசட் போய்ச் சேர்ந்த வாரமே போனில் அத்தா, "பக்கத்துல யாரு புதுசா குடி வந்திருக்காங்க?" என்று கேட்டார். அண்ணனின் காது சிவந்துபோனது. ஏரிக்கரைப் பக்கம் நிஜமாகவே ஒரு குடும்பம் புதிதாக வந்திருந்தது. கடல் தாண்டி இருக்கிற மனிதருக்கு இது எப்படித் தெரிந்தது என்று நானும் வெகுநாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அம்மா எடுப்பதெல்லாம் அழுமூஞ்சிப் பாட்டு. அப்படித்தான் நாங்கள் கேலி செய்வோம். கடிதம் அண்ணன்தான் எழுதுவான், அம்மா சொல்லச் சொல்ல. பதினைந்து வயதுப் பையனின் கையால் எழுத வைக்கக்கூடிய விஷயங்கள் மட்டும் அதில் இருக்கும். ரேஷன் கார்டில் பெயர் திருத்தியது, மழைக்குச் சமையலறை ஒழுகுவது, அண்ணனின் கணக்கு மார்க். வெள்ளிக்கிழமை மதியம் போன் வரும். நாங்கள் இருவரும் ரிசீவரைப் பிடுங்கிப் பேசி முடித்த பிறகு அம்மாவுக்கு மிஞ்சுவது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்திலும் நாங்கள் இரண்டு பக்கமும் காதை ஒட்டிக்கொண்டு நிற்போம். அம்மா "ம்", "சரி", "உங்க இஷ்டம்" என்று மூன்று வார்த்தைகளை மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

நான் ஆறாவது படித்த வருடம் ரமலான் நோன்பு நவம்பரில் தொடங்கியது. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் டி.வி.யும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. பெருநாள் முடிந்த மறுநாளே பஞ்சாயத்து கூடியது. பெருநாளைக்காக ஊருக்கு வந்திருந்த பல்லாவரத்து மாமு அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். சொந்தம் எல்லாம் இல்லை. அத்தாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். அத்தா கொடுத்தனுப்பிய பால்பவுடர் டின்னையும் சோப்புகளையும் வைத்துவிட்டு, டீயைக் குடித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"ஏன் தங்கச்சி, கேசட்ல கடசியா நாலு பாட்டு வருதே, அத்த யாரு எடுத்தது? அது ஓட ஆரமிச்சா மச்சான் செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கினு படுத்துக்குவாரு. சோறு கூடத் துன்னமாட்டாரு. ரூமே பேஜாராப் பூடும்."

அண்ணன் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி. மாமுவின் டம்ளரில் கேட்காமலே இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். அத்தா சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறார் என்றதற்கு அம்மாவின் முகத்தில் ஏன் சந்தோஷம் வருகிறது என்று எனக்குக் கோபம் வந்தது.

மாமு இன்னொன்றும் சொன்னார். அத்தாவின் ஒப்பந்தம் பிப்ரவரியோடு முடிகிறது. "சனவரில கம்பெனிக்காரன் பேப்பர நீட்டுவான். இன்னும் மூணு வருசம் கீறியா, ஊருக்குப் போறியான்னு. மச்சான் இன்னும் வாயத் தொறக்கல. நீ இன்னா சொல்ற?"

அம்மா என்னையும் அண்ணனையும் பார்த்தாள். "அவங்களுக்கு எது தோதுப்படுதோ அதச் செய்யட்டும்" என்றாள்.

எனக்கு எது தோதுப்படும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்திச் சொல்லியிருப்பேன். அத்தா வர வேண்டும். பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நிற்பதைப் போல அவரும் வந்து நிற்க வேண்டும். அந்த வயதில் வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

பாட்டு எடுப்பதில் அந்த வருடம் பெரிய தகராறு. அண்ணன் இரண்டே நாளில் தன் நாலையும் முடித்துவிட்டான், எல்லாம் தபேலாவைக் கிழிக்கிற ரகம். நான் டி.வி.யில் வருடக் கடைசிக்கு வரிசைப்படுத்திக் காட்டியதில் முதல் நாலை அப்படியே எழுதினேன். அம்மா ஒரு பாட்டைச் சொன்னாள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் வந்த பாட்டு.

"அது நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்ததும்மா. செல்லாது" என்றான் நாட்டாமை.

எதற்கும் மல்லுக்கு நிற்காத அம்மா அந்தப் பாட்டுக்காக இரண்டு நாள் நின்றாள். இந்த ஒரு தடவை மட்டும் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தாள். சட்டம் சட்டம்தான் என்று அண்ணன் அசையவில்லை. அதற்குப் பிறகு அம்மா ரேடியோவைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டாள். பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை வரும், அம்மா மேடையில் கையை ஊன்றியபடி பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு பாட்டின் பாதியில், இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு அடுப்புக்குத் திரும்புவாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவளின் முகம் அது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், மூன்று வாரம் கழித்து நாலு பாட்டின் முதல் வரிகளைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தன் கையாலேயே எழுதினாள். முத்து முத்தாக, ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டு.

அந்த நாலும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஒன்று, ரயில் போன பிறகும் நடைமேடையில் நிற்கிற பெண் பாடுவது. ஒன்று, மழை நாளில் ஒருத்தி வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லி, இதெல்லாம் உன்னைக் கேட்கிறது என்று பாடுவது. மூன்றாவது தாலாட்டு மாதிரி இருக்கும், ஆனால் தூக்கம் வராதது குழந்தைக்கு அல்ல. நாலாவது, சம்பாதித்தது போதும், வந்துவிடு என்பதையே பத்துவிதமாகச் சொல்கிற பாட்டு. படத்தில் அதற்கு ஒரு நிமிடம்கூடக் காட்சி கிடையாது. யாரும் முணுமுணுக்காத பாட்டு. அம்மா அதை எங்கிருந்து பிடித்தாளோ தெரியாது.

அண்ணனுக்குத் திருப்புதல் தேர்வு. கடை என் பள்ளிக்கூடத்துக்கு எதிரே என்பதால் பட்டியல் என் கைக்கு வந்தது. மதிய உணவு வேளையில் அதைப் பிரித்துப் படித்தேன். அத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது கண்முன் வந்தது. அழுகிற வீட்டுக்கு வர யாருக்கு ஆசை வரும்? சிரிக்கிற வீடாக இருந்தால்தானே ஓடி வருவார்? எனக்கு அந்தக் கணக்கில் ஒரு பிழையும் தெரியவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பட்டியலை முழுக்க எழுதினேன். அம்மாவின் நாலு இருந்த இடத்தில் புதிதாக நாலு. பேருந்துக் கூரைமேல் ஆடுகிற பாட்டு, திருவிழாப் பாட்டு, காமெடியன் பாடுகிற ஒன்று. கடைசியாக, புருஷன் வெளியூர் போன சந்தோஷத்தில் பெண்கள் எல்லாம் கூடித் தட்டைத் தட்டிக் கும்மாளம் போடுகிற பாட்டு. அந்தத் தட்டுச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலண்டர் தாளை நாலாகக் கிழித்துக் ரயில்வே கேட் ஓரத்துச் சாக்கடையில் போட்டேன்.

கடைக்கார அண்ணா பட்டியலைப் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இன்னா பாப்பா, இந்த வாட்டி முழுசும் டப்பாங்குத்தாவே கீது? உங்கம்மா பாட்டு எங்க?"

"அம்மாதான் மாத்தச் சொன்னாங்க."

"அப்போ வூட்ல ஏதோ நல்ல சேதி" என்று சிரித்தார்.

மற்ற வருடங்களில் கேசட் வந்ததும் ஒரு தடவை வீட்டில் போட்டுக் கேட்போம். அந்த வருடம் மாமுவின் டிக்கெட் இரண்டு நாள் முன்னால் மாறிவிட்டது. நான் கேசட்டோடு வீட்டுக்குள் நுழையும்போது மாமு அத்தாவுக்குக் கொண்டுபோகும் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார், அம்மா இறால் பொடியைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தாள். அட்டையை நானே எழுதியிருந்தேன். கடைசி நாலுக்கும் நேராக 'அம்மா' என்று, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு. அம்மா கேசட்டை வாங்கக் கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டாள்.

"கையெல்லாம் மசாலா. நீயே கர்ச்சீப்புல சுத்தி வச்சிடு."

பெட்டி ஆட்டோவில் ஏறிய பிறகும் அம்மா வாசலிலேயே நின்றாள். அன்றிலிருந்து போன் மணிக்கு முதலில் ஓடுவது அவளாகத்தான் இருந்தது. ஜனவரியில் வந்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலைகளை எல்லாம் காலையிலேயே முடித்துவிட்டு, சலவைச் சேலை உடுத்தி உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அத்தா என்னிடம் பேசும்போதே குரலில் உற்சாகம். "கேசட்டு பிரமாதம்மா. உங்கம்மா பாட்டுக்கு ரூமே எழுந்து ஆடுச்சு. அந்தத் தட்டுப் பாட்ட நாலு தடவ போட்டோம். அவ மனசு தேறி இவ்ளோ சந்தோஷமா இருக்கறது எனக்கு எவ்ளோ தெம்பு தெரியுமா? போன அம்மாட்ட குடு."

அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ம்" என்றாள். பிறகு, "எந்தப் பாட்டு?" என்று கேட்டாள். அங்கிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. அம்மாவின் கண் மெதுவாகத் திரும்பி என்மேல் நின்றது. 'அத நான் எடுக்கல' என்று அம்மா ஒரு வார்த்தை அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாங்கள் இருவரும் காதை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தோம்.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டாள். அங்கிருந்து பதில் வந்ததும், "சரி. உடம்பப் பாத்துக்குங்க" என்றாள்.

ரிசீவரை வைத்துவிட்டு, "நீயா மாத்தின?" என்றாள்.

"ஆமாம்மா. அத்தா அழக்கூடாதுன்னுதான்."

அம்மா கையை ஓங்கியதுபோல இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கை என் தலையில் வந்து அமர்ந்தது. "எண்ண வச்சு எத்தன நாளாச்சு, பாரு, எப்படிக் கெடக்குன்னு" என்றாள். அப்போதே உட்கார வைத்து எண்ணெய் தடவினாள். வெகுநேரம் தடவினாள். எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

அத்தா ஊருக்கே வந்து சேர்ந்தபோது நான் ஒன்பதாவது முடித்திருந்தேன். பள்ளிக்கூட வாசலில் யாராவது வந்து நிற்க வேண்டும் என்கிற ஆசை அதற்குள் போயிருந்தது. அம்மாவும் அவரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொண்டார்கள், விருந்தாளி வந்த வீட்டில் நடந்துகொள்வதைப் போல. அம்மா மூன்று வாரம் தேடி எழுதிய ஒரே கடிதத்தை நான் சாக்கடையில் போட்டேன் என்பது எனக்குக் கல்யாணமாகி, என் கணவர் முதல் தடவை வெளிநாடு போன பிறகுதான் உறைத்தது. அன்று அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன். பிரிவுக்கு அழுகிறேன் என்று நினைத்து அவள் என்னைத் தேற்றினாள்.

ஆனால் அந்தக் கையெழுத்துக்கு அடுத்த டிசம்பரில் நான் அப்படி ஒன்றும் வருந்திக்கொண்டிருக்கவில்லை. பஞ்சாயத்து வழக்கம்போலக் கூடியது. அண்ணன் பேப்பரில் மூன்று கோடு போட்டு, "சொல்லும்மா, உன் நாலு?" என்று கேட்டான். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். என்னோடதையும் அவளுக்கே குடுத்துடு."

நான் துள்ளிக் குதித்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அண்ணனுக்கு நாலு, எனக்கு எட்டு என்று அன்று சாயங்காலம் வரை தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.