காலி ஆணி

"படத்தை முழுசா பார்த்தியாம்மா?" என்று பெங்களூரில் என் ஆய்வு வழிகாட்டி கேட்டார். ஒரு பழைய சினிமாவைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கங்கள் அவர் மேசையில் கிடந்தன. "வெள்ளிக்கிழமை கமிட்டியில இது நிக்காது. நிக்கலைன்னா இந்த வருஷம் பதிவு இல்லை. எல்லாருக்கும் தெரிஞ்ச படமா ஒண்ணு எடுத்துக்கோ."

இந்தப் படம் யாருக்கும் தெரியாதுதான். கறுப்பு வெள்ளை. ராணுவ முகாமில் ஒரு மேஜர் சுடப்படுகிறார். சுட்டது யார் என்பது கதை. இணையத்தில் கிடைத்த மங்கலான பிரதியை ஆண்டர்சன்பேட்டை வீட்டில் அப்பா அம்மாவோடு பார்த்தேன். முகாம் வாசலில் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு ஆணி, எண் அடித்த பித்தளை டோக்கன். கொலை நடந்த நேரத்தில் சமையல்காரனின் ஆணி காலி.

"இவன்தான். ஆணி காலியா கீது பாரு," என்றார் அப்பா.

"நீங்க இன்னா போலீஸா? படத்தப் பாக்க வுடுங்க," என்றாள் அம்மா.

அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஷிஃப்டுக்கு இறங்குகிறவர் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவார், மேலே வந்ததும் மாட்டுவார். ஆணி காலி என்றால் ஆள் உள்ளே. அதனால் கடைசியில் முகாமிலிருந்த ஹவில்தார் ஒருவனைக் கைது செய்தபோது, "தப்பான ஆளப் புடிச்சிட்டானுங்க," என்று எழுந்து போய்விட்டார். நானும் அதையே எழுதினேன்: கொலைகாரன் சமையல்காரன், படத்தின் முடிவு பிழை.

வழிகாட்டி கேட்ட அன்று, வீடு திரும்பும் ரயிலில் மறுபடி பார்த்தேன். தொடக்கத்திலேயே காவலாளி ஒரு புதுச் சிப்பாயிடம் சொல்கிறான்: முகாமை விட்டு வெளியே போகிறவன் டோக்கனை எடுத்துக்கொண்டு போகவேண்டும். அப்படியானால் சமையல்காரன் அங்கே இல்லவே இல்லை. வெளியே போயிருந்தேன் என்று சாதித்த ஹவில்தாரின் டோக்கன்தான் பலகையில் தொங்கியது; அவன் உள்ளேயேதான் இருந்திருக்கிறான். அந்த வசனம் எங்கள் வீட்டில் யார் காதிலும் விழவில்லை. பலகையைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். தப்பாக எழுதியது உறுத்தியது. அதற்காகப் படத்தையே விடுவது இன்னும் உறுத்தியது. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"வெளிய போறவன எதுக்கும்மா எண்ணுறாங்க? உள்ள கீறவனத்தான எண்ணணும்."

பக்கங்களைப் புதிதாக எழுதினேன். படம் அதேதான். முதல் பத்தியில் எங்கள் தவறு, அதன் கீழே அப்பா கேட்ட கேள்வி. இன்று காலை பெங்களூர் போகும் ரயில் பங்காரப்பேட்டையை எட்டும் முன்பே வழிகாட்டிக்கு அனுப்பி, வெள்ளிக்கிழமை கமிட்டிப் பட்டியலில் என் பெயரையும் பதிந்துவிட்டேன்.