“சாப்பிட்டாச்சு” அட்டை கட்டிய ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

இன்று காலையில் தன் பேக்கரி ஷட்டரைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்தது. நாளை சாயங்காலம் சர்ச்சில் பூசை, பிறகு அடக்கம்.

அழுது முடித்துவிட்டேன். இப்போது கோபத்தில்தான் எழுதுகிறேன்.

ஐஸ் பாக்ஸ் வந்து இறங்குவதற்கு முன்பே எங்கள் ரெட்டியார்பாளையம் தெருக்காரர் ஒருவர் என் காதுபடச் சொன்னார். “வாயில்லா ஜீவன் வயித்துல அடிச்சாங்கல்ல... அதான்.”

சாவு வீடு என்றும் பார்க்காமல் அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன். கமெண்டில் வந்து அதையே சொல்ல நினைப்பவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு செவலை நாய். ஒரு வீட்டில் அதற்குப் பெயர் ஜிம்மி, இன்னொரு வீட்டில் பைரவா, பிரெஞ்சு பென்ஷன்காரர் வீட்டில் பிரெஞ்சிலேயே ‘ஐயா’ என்று முசியே.

ஒவ்வொரு வீட்டுக்காரரும் தான் ஒருவர்தான் அதற்குச் சோறு போடுவதாக நம்பினார். காலையில் இட்லி, பிறகு வெண்ணெய் தடவிய ரொட்டி, மத்தியானம் தயிர்சாதம்... ஜோசியர் சொன்னார் என்று பரிகாரத்துக்கு க்ரீம் பிஸ்கட் போட பைக்கில் வருபவர்கள் வேறு.

நாய் பீரோ மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் “நல்லா கொழுகொழுன்னு இருக்கான்” என்று போட்டோ எடுத்தோம்.

ஒருநாள் விழுப்புரம் ரோட்டைக் கடக்கும்போது நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. பஸ் ஹாரன் அடிக்கிறது... எழுந்திருக்க முடியவில்லை, நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறது.

அக்காதான் ஓடிப்போய் கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தினார். நாலு பேர் சேர்ந்து தூக்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

எடையைக் குறைக்காவிட்டால் முட்டியும் போய்விடும், இதயமும் தாங்காது, நாய் அதிக நாள் இருக்காது என்றார் டாக்டர்.

மறுநாளிலிருந்து நாய்க்கு என்று பன்னு கேட்டால் அக்கா கடையில் கிடையாது. “உங்களுக்குன்னா ரெண்டா வாங்கிட்டுப் போங்க, அவனுக்குன்னா இல்ல” என்பார்.

சண்டை வந்தது. வராமல் இருக்குமா? கல்நெஞ்சக்காரி என்றார்கள். “பைரவர் வாகனம்மா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்று ஒருவர் மதத்தையும் இழுத்தார்.

அக்கா கல்லாவை விட்டு எழுந்து வந்தார். “வாகனம்னு நீங்களே சொல்றீங்க. வாகனம் எழுந்து நிக்க வேணாமா சார்? உங்க தோஷம் கழியறதுக்கு அவன் முட்டி ஏன் தேயணும்?”

அவர் அதன்பிறகு அந்தக் கடைப்பக்கமே வரவில்லை. அக்கா கவலைப்படவும் இல்லை.

அப்போது வந்ததுதான் அந்த அட்டை. கேக் டப்பாவை வெட்டி, பெரிய எழுத்தில் “சாப்பிட்டாச்சு” என்று எழுதி, ரிப்பனில் கோர்த்து நாயின் கழுத்தில் கட்டிவிட்டார். மழையில் நனைந்தால் புதுசு.

காலையிலும் சாயங்காலமும் அளந்து ஒரு கிண்ணம், தோல் எடுத்த கோழியும் வேகவைத்த பரங்கிக்காயும் கொஞ்சம் சோறும். கடை திறக்கும் முன் சர்ச் வரைக்கும் நடை. முதலில் இரண்டு வீடு தாண்டுவதற்குள் படுத்துக்கொள்ளும், அக்காவும் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

“வாடா டேய், எனக்கும் மூச்சு வாங்குது, நான் என்ன படுத்துட்டனா?” அக்கா அதற்குப் பெயரே வைக்கவில்லை. டேய்தான்.

என் பூனையையும் அவர் விடவில்லை. கிறிஸ்துமஸ் கேக் கொடுக்க வந்தவர் சோபாவைப் பார்த்து, “ஏம்மா, இது பூனையா தலகாணியா?” என்றார்.

அதன் பக்கவாட்டில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். “விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதுக்குன்னு பட்டினி கிட்டினி போட்டுடாத... பூனைக்குத் திடீர்னு நிறுத்தினா ஈரல் கெட்டுடும்னு டாக்டர் சொன்னாரு. கொஞ்சங் கொஞ்சமா கொற.”

பட்டினி போடாதே என்று சொன்னவரைத்தான் வயிற்றில் அடித்தவர் என்கிறீர்கள்.

மாசங்கள் ஆயின. நாய்க்கு இடுப்பு தெரிந்தது. ஒருநாள் காலையில் குப்பை வண்டியைத் துரத்திக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடியது... அக்கா காபி டம்ளரோடு வெளியே வந்து நின்று சிரித்த சிரிப்பை நான் எங்கள் மாடியிலிருந்து பார்த்தேன்.

அன்று கடைக்கு வந்த ஒருவரையும் விடவில்லை. “ஓடினான் தெரியுமா? எங்க டேய் ஓடினான்” என்று சொல்லிச் சொல்லித்தான் பில் போட்டார்.

இப்போது தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் ஓடுகிறது. அக்கா நினைவாக நாளைக்கு எல்லா நாய்களுக்கும் பன்னும் பிஸ்கட்டும் போடலாமாம். கீழே வரிசையாகக் கும்பிடு போடுகிறார்கள்.

போடக்கூடாது. டேய்க்குப் போட வருபவர்கள் என்னைத் தாண்டித்தான் போட வேண்டும்.

அவ்வளவு துக்கம் என்றால் காலையில் வந்து அவனை சர்ச் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போங்கள். யாராவது வருகிறீர்களா என்று பார்க்கிறேன்.

இன்று சாயங்காலம் பேக்கரி பக்கம் போனேன். மூடிய ஷட்டர் முன்னால் படுத்திருந்தான், பக்கத்தில் அதற்குள் யாரோ பிரித்து வைத்த க்ரீம் பிஸ்கட் பாக்கெட். காலையில் கூட்டத்தில் அட்டை அறுந்து போயிருந்தது.

பாக்கெட்டை எடுத்துக் குப்பையில் போட்டேன். அக்காவின் கிண்ணத்தில், அக்காவின் அளவில் கொண்டுபோனதை வைத்தேன். ரொம்ப நேரம் தொடவில்லை... அப்புறம் சாப்பிட்டான்.

வீட்டிலிருந்த கேக் டப்பாவை வெட்டி எழுதினேன். என் கையெழுத்து கோணல்தான். ரிப்பனை நீட்டியதும் தானாகக் கழுத்தைக் கொடுத்தான்.

போயிட்டு வாங்க அக்கா. டேய் சாப்பிட்டாச்சு.