பிரேக் பிடிக்காத சனிக்கிழமை

டீசல் என்ஜினைக் கண்டுபிடித்தவர் இன்று உயிரோடு இருந்தால் அத்தை முன்னால் கைகட்டி நின்று, நான் செய்தது இவ்வளவு நல்ல பொருளா என்று கேட்டிருப்பார். அத்தை சாவியைத் திருப்பினால் பேட்டரி எழுந்து வணக்கம் சொல்லும். அவள் வருவது தெரிந்தால் சாலைப் பள்ளங்கள் தாமாகவே மேடாகிக்கொள்ளும். இதெல்லாம் அவளுடைய அண்ணன் மகன், அவள் ஓட்டும் பள்ளி வேனின் பின் சீட்டில் பிள்ளைகளுக்கு அவிழ்த்துவிட்ட சரக்கு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் கைகழுவிவிட்டு அந்த வேனில் கதவு திறந்து மூடும் பதவியில் இருந்தான் அவன். பிள்ளைகள் பாதியை நம்பினார்கள்.

உண்மையில் அந்த வேன் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். வாசலுக்கு வாசல் பிரேக். பிள்ளைகள் இல்லாத நேரத்திலும் யாராவது பையோடு நடந்தால் அத்தையின் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். ஐந்தாவது கியர் என்று ஒன்று இருப்பதையே வண்டி மறந்திருக்கும்.

ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எதையும் அவசரமாகச் செய்யாததால் 'அவசரம்' என்று பெயர் வாங்கிய மெக்கானிக், கெட்டுப்போன ஒரு சென்சாரை மாற்றி, வண்டியின் நினைவிலிருந்த கோளாறையும் அழித்துக் கொடுத்தார். அத்தை வேனைப் பளபளவென்று கழுவிக்கொண்டு நேராகப் புகைச் சோதனைக் கூடத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் தன் மெஷினைச் செருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கோளாறும் இல்லை, கோளாறு இல்லை என்பதற்கு ஆதாரமும் இல்லை என்றார்.

விஷயத்தை மெக்கானிக்தான் விளக்கினார். நினைவை அழித்ததும் வண்டியின் கம்ப்யூட்டர் தன்னைத்தானே முதலிலிருந்து பரிசோதிக்க வேண்டுமாம். அதற்கு ஆறிய என்ஜினைக் கிளப்பி, கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டும். பிறகு பெரிய சாலையில் ஒரே சீரான வேகம். நடுவே காலை எடுத்துவிட்டால் வேகம் தானாகக் குறைய வேண்டும், பிரேக்கைத் தொடக் கூடாது. தொட்டால் பரீட்சை எழுதுகிறவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிய மாதிரி. அத்தையோ ஒரு வாரமாகத் தெருத்தெருவாகப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் கூடத்தை மூடுவதற்குள் சான்று வாங்காவிட்டால், திங்களிலிருந்து பிள்ளைகள் வேறு வேனில் போவார்கள் என்று பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அத்தைக்கு அந்த ஒரு வேலைதான் பிழைப்பு.

அன்று காலை வெறும் வேன் பெரிய சாலையில் ஏறியது. மெக்கானிக் தந்த கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, மூக்குக்கண்ணாடியைப் போனுக்கு நெருக்கி வைத்துக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான் பையன். முடியாத சோதனை சிவப்பு, முடிந்தது பச்சை. இரண்டு பச்சை வந்ததும் அவன் தலையாட்ட, அத்தை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். வேன் மெல்ல வேகம் குறைந்தது.

விதி, எதிரே பஸ் நிறுத்தம். அதில் அவர்கள் தெருத் தையல்காரர். வேன் தனக்காகத்தான் நிதானிக்கிறது என்று நினைத்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓரமாகவே ஓடி வந்தார். அத்தையின் வலது கால் துடித்தது.

"அத்தை, தொட்டீங்க, திங்கக்கிழமை நாம ரெண்டு பேரும் நடந்துதான் போகணும்," என்றான் பையன்.

அத்தை பையன் பக்கத்து ஜன்னலை நோக்கித் தலையை நீட்டினாள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, பரீட்சை நடக்குது."

"யாருக்கும்மா?" என்று மூச்சு வாங்கினார் தையல்காரர்.

"வண்டிக்கு."

அவர் நின்றுவிட்டார். வேன் மறுபடி வேகம் எடுத்தது. அவர் இனி ஜென்மத்துக்கும் ஜாக்கெட் தைத்துத் தர மாட்டார் என்று அத்தை கொஞ்ச தூரம் புலம்பினாள். பிறகு புலம்பல் ஓய்ந்தது. காதுவரை ஏறியிருந்த தோள்கள் இறங்கின. கல்யாணத்துக்கு முன்னால் லாரி ஓட்டப் பழகியதையும், மலைப்பாதையில் முன்னால் போன லாரிக்காரன் வழிவிட்டு சலாம் போட்டதையும் சொன்னாள். இதுவரை யாரிடமும் சொல்லாத கதை. சொல்லும்போது முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

பாலத்தைத் தாண்டும்போது கடைசிக் கட்டமான புகை வடிகட்டியும் பச்சையானது. பையன் போனைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். போனை மடியில் கவிழ்த்தான்.

"இன்னும் ஒண்ணு அடம் பிடிக்குது அத்தை. நேரா போங்க."

அத்தை நேராகப் போனாள். மலை லாரிக்குப் பிறகு மழைநாள் லாரி வந்தது. அது முடிந்து பஞ்சர் கதை. சூரியன் உச்சிக்கு ஏற ஏற அவன் டேஷ்போர்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய்யை ஏற்றிவிட்டான், இறக்கிவிடத்தான் நிறுத்தம் கிடைக்கவில்லை. கடைசியில் பஞ்சர் ஒட்டி முடிவதற்குள், வந்துவிட்டது, இப்போதுதான் வந்தது, திரும்புங்கள் என்று கத்திவிட்டான்.

கூடத்தின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அத்தை அதன் கீழே குனிந்து பேசிய பேச்சில் அது மறுபடி மேலே போனது. மெஷினைச் செருகினார்கள். எல்லாம் சரி என்று சான்று வெளியே வந்தது.

அதை முன் கண்ணாடியில் ஒட்டி, மடிப்பு விழாமல் கட்டைவிரலால் தடவினாள் அத்தை. பக்கத்தில் நின்று, தான் மட்டும் கட்டங்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அளந்துகொண்டிருந்தான் பையன். அவள் திரும்பி அவனுடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள்.

"பாலத்துக்கிட்டயே அதுல எல்லாம் பச்சையா தெரிஞ்சுதுடா. அடுத்த தடவ பொய் சொல்றதா இருந்தா, மொதல்ல இதைக் கழட்டி வை."