தூதரம்மா பார்த்த பொட்டு

பதுளையில் நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிற தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர் இராசையா. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, அந்தச் சூட்டிலேயே தலை நரைத்தவர். பார்வைக்கு முரட்டு ஆள். ஆனால் மகன் ரமேஸ் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக்குப் போனதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமையானால் போனை மடியில் வைத்துக்கொண்டு லயத்து வீட்டு வாசலை விட்டு அசையமாட்டார்.

ரமேஸ் இதே தொழிற்சாலையில் மெஷின் வேலை பழகி, அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனவன். ஞாயிறு தவறாமல் பேசுவான். அந்தப் பக்கம் புயலடித்து மலை சரிந்ததாக டிவியில் காட்டியதோடு அவன் பேச்சு நின்றுபோனது. அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் "பாக்குறோம்" என்றதோடு சரி. மண்சரிவு என்றால் என்னவென்று பதுளை ஆளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் மனைவி பாக்கியலெட்சுமி சோறு ஆக்குவாள். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்போதுதான் தொழிற்சாலை அதிகாரி பஸீல் ஒரு சேதி கொண்டுவந்தார். மலாவி நாட்டுத் தூதரக ஆட்கள் டில்லியிலிருந்து தேயிலை பார்க்க வருகிறார்கள். டில்லியில் இருந்துகொண்டே இலங்கையையும் அவர்கள்தான் பார்க்கிறார்களாம்.

"வர்ற அம்மா பேரு பண்டாவாம், இராசையாண்ணே."

"பண்டாவா? அது மஹியங்கனைப் பக்கத்துச் சிங்களப் பேராச்சேய்யா."

"அங்கயும் இருக்காம். பேர விடுங்க. நான் ஒரு வார்த்த கேட்டுப் பாக்குறேன், மகன் படம் ஒண்ணு கொண்டாங்க."

அவர்கள் வருகிற அன்று விடியும்போதே மழை. கரண்டும் இல்லை. படம் நனையாமல் கொண்டுபோக வீட்டில் இருந்தது ஒரே ஒரு கண்ணாடிச் சட்டம். அதில் இராசையாவின் செத்துப்போன அப்பா இருந்தார். பாக்கியலெட்சுமி பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து இராசையா அரையிருட்டிலேயே அதைக் கழற்றினார். பிளாஸ்டிக் மாலையை உருவிப் போட்டார். அப்பாவைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு மகனைச் செருகி, சாக்கில் சுற்றிக்கொண்டு நடந்தார்.

வந்தவர்கள் மெஷின்களைச் சுற்றிப் பார்த்தார்கள், தேநீர் குடித்துப் பார்த்தார்கள். பஸீல் கண்ணைக் காட்டியதும் இராசையா சட்டத்தை நீட்டினார். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். பார்த்தாள். முகம் மாறியது. தலை குனிந்து மெல்ல ஏதோ சொன்னாள். 'சொறி' என்ற ஒரு இங்கிலீஷ் சொல்தான் இராசையாவுக்குப் புரிந்தது.

"என்னய்யா சொல்றாங்க?"

பஸீல் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம் புள்ளயப் பத்தித்தானே? சொல்லுங்கய்யா."

"மகன் எறந்ததுக்கு... வருத்தப்படுறாங்கண்ணே."

இராசையா அப்படியே தேயிலைச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். மேடு ஏறிப்போய் பாக்கியலெட்சுமியிடம் எந்த வாயால் சொல்வது என்பதுதான் அவருக்கு முதலில் வந்த நினைப்பு.

பஸீல் இங்கிலீஷில் அவளிடம் என்னவோ கேட்டார். அவள் குழம்பிப்போய்க் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள்.

"அண்ணே, இந்தப் பொட்ட யாரு வச்சது?"

ரமேஸின் நெற்றிக்கு நேரே, கண்ணாடியில், காய்ந்து இறுகிய சந்தனமும் குங்குமமும்.

"அது எங்கப்பாவுக்கு வச்சதுய்யா."

"இவங்க டில்லியில நாலு வீடு பாத்தவங்க. பொட்டு வச்ச படம்னா ஆள் இல்லன்னு நெனச்சுட்டாங்க. இவங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"அப்ப எம் புள்ள?"

அந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவள் ரமேஸின் பேரையும் தொழிற்சாலைப் பேரையும் கேட்டுக்கொண்டு, வெளியே போய்த் தன் பாஷையில் யார் யாருடனோ பேசினாள். மத்தியானம் தோட்டத்துப் பங்களாவில் அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பதில் இல்லை. இராசையா பங்களாவின் பின்பக்கம் நின்று, நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். பாதிதான் வந்தது.

கடைசியில் அவளே இறங்கி வந்து போனை அவர் காதில் வைத்தாள்.

"அப்பாவா?"

"ஏன்டா, ஒரு போன் போட ஒனக்கு என்ன கேடு?"

"டவர் விழுந்துருச்சுப்பா, ரோடும் இல்ல. இப்பதான் ஒரு ஆபிசர் நடந்தே தேடி வந்து அவரோட சாட்டலைட் போன குடுத்தாரு. ஏம்ப்பா, அழுவுறீங்களா?"

"பொகடா. அடுப்புப் பொக."

வீட்டில் பாக்கியலெட்சுமி சேதியைக் கேட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடிக்கும்போது, சுவரில் வெறும் ஆணி கண்ணில் பட்டது.

"மாமா படம் எங்க?"

அவர் சாக்கைப் பிரித்தார். பாதி சுரண்டிய பொட்டோடு மகன் இருந்தான். அவள் சட்டத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். படத்தை மட்டும் உருவிக்கொண்டு, சட்டத்தை வாசலில் மழைக்குள் வீசினாள். பிறகு இரண்டு தட்டில் சோறு போட்டாள்.

"இனி அந்தச் சட்டம் இந்த வாசப்படி ஏறக்கூடாது."

"ஏறாது," என்றார் இராசையா. அப்பா அன்றைக்குத் தலையணைக்கு அடியிலேயே கிடந்தார்.